டேய், சும்மாத்தானே இருக்க, விசிலைப் பிடி!

சாயங்காலம் நாலரை மணி. கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு மைதானம். காலையிலேயே தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. நெட் கட்டியாயிற்று. பக்கத்து ஊர் அணி வண்டியில் வந்து இறங்கி, சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வார்ம்-அப் செய்துகொண்டிருக்கிறது. பரிசுப் பணம் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் ஊர் மானம் இருக்கிறது. எல்லாம் தயார். ஒன்றே ஒன்றுதான் குறை. ரெஃப்ரியைக் காணோம்.

வருகிறேன் என்று சொன்ன பி.டி. சார் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. கிளப் செயலாளர் சுற்றும் முற்றும் பார்க்கிறார். பெஞ்சில் பதினாறு, பதினேழு வயதில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அணியிலேயே சின்னவன். தினமும் பந்து பொறுக்கிப் போடுகிறவன். பெரியவர்கள் யாருக்காவது கால் சுளுக்கினால்தான் உள்ளே இறங்குவான்.

"டேய், சும்மாத்தானே இருக்க? விசிலைப் பிடி. ஏறு."

நம் கிளப் வாலிபாலின் எல்லா வியாதியும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. விசில் என்பது சும்மா இருக்கிறவன் வேலை. ஆடத் தெரியாதவன் வேலை. அதற்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, ஏறி நின்று ஊதினால் போதும்.

அந்தப் பையன் மேசை மேல் ஏறுகிறான். முதல் செட் ஒரு வழியாக முடிகிறது. இரண்டாவது செட்டும் முடிகிறது. மூன்றாவது செட்டில் 23-23. சொந்த அணியின் அட்டாக்கர் எகிறி அடிக்கிறார். பந்து பிளாக்கரின் விரல் நுனியில் உரசிப் பின்கோட்டுக்கு வெளியே விழுகிறது. உரசியதா, உரசவில்லையா? பையன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து வெளியே விழுந்தது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். 'அவுட்' என்று கை காட்டுகிறான்.

அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆறு பேர் மேசையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். "கண்ணு என்ன பொட்டையா?" என்கிறார் ஒருவர். அதற்கு மேல் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பையன் பயந்துபோய், "சரிண்ணே, பாயிண்ட் உங்களுக்குத்தாண்ணே" என்று மாற்றிக் காட்டுகிறான். இப்போது எதிரணி ஆறு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். ஏறச் சொன்ன செயலாளரே, "உன்னைப் போய் ஏத்திவிட்டேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். பையன் விசிலை மேசையில் வைத்துவிட்டு இறங்குகிறான்.

அவன் இனி ஜென்மத்துக்கும் விசிலைத் தொட மாட்டான். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நாலு வருஷம் கழித்து அவனே அட்டாக்கர் ஆவான். அன்றைக்கு மேசை மேல் இன்னொரு சின்னப் பையன் நிற்பான். அவனைப் பார்த்து இவன் என்ன கேட்பான் என்று சொல்ல வேண்டுமா என்ன? இவனிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியைத்தான்!

இதில் தப்பு யார் மேல்? பையன் மேல் கிடையாது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு 'மூழ்கிட்டானே' என்று வருத்தப்படுகிற மாதிரி இது. தப்பு கிளப் மேல். எட்டு வருஷம் அவனுக்கு ஜம்ப் சொல்லிக்கொடுத்தீர்கள், சர்வீஸ் சொல்லிக்கொடுத்தீர்கள், காலை எழுப்பி ஓட விட்டீர்கள். ஆட்டத்தின் சட்டத்தை ஒரு நாளாவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்களா?

விஷயம் இதுதான். விசில் ஊதக் கற்றுக்கொள்ளாத யாரையும் எந்த கிளப்பும் மேட்ச்சில் இறக்கக் கூடாது. பதினாலு, பதினைந்து வயதிலேயே அது பயிற்சியின் ஒரு பகுதியாக வேண்டும். உடனே, "ஆடுறவனுக்குச் சட்டம் தெரியாதா என்ன?" என்று ஒரு கூட்டம் கிளம்பும். தெரியாது ஐயா. சத்தியமாகத் தெரியாது. எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய் ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். இந்தக் கூச்சல்கள் கட்டாயம் காதில் விழும்.

"சர்வீஸ் நெட்டுல பட்டுடுச்சு, ஃபவுல்!" கிடையாது. நெட்டில் உரசி எதிர்ப்பக்கம் விழும் சர்வீஸ் செல்லும் என்று 2000-களின் தொடக்கத்திலேயே சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

"காலால எடுத்தான், ஃபவுல்!" கிடையாது. உடம்பின் எந்தப் பாகத்திலும் பந்து படலாம். இது வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"பிளாக்குல ஒண்ணு, அப்புறம் மூணு, மொத்தம் நாலு டச்!" கிடையாது. பிளாக்கில் பட்டது அந்த மூன்றில் சேராது. பிளாக் செய்தவரே அடுத்த டச்சையும் எடுக்கலாம்.

"சென்டர் கோட்டை மிதிச்சுட்டான்!" மிதித்தால் தப்பில்லை. பாதம் முழுசாகக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால்தான் தப்பு. ஒரு சின்னப் பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேர் மேலோ இருந்தால் போதும்.

"ரிசீவ்ல டபுள்!" அணியின் முதல் டச்சில், ஒரே முயற்சியில் பந்து அடுத்தடுத்துக் கையிலும் மார்பிலும் பட்டால் அது டபுள் இல்லை. பிடித்து எறிந்தால்தான் தப்பு.

"கோட்டு மேல விழுந்துச்சு, அவுட்டு!" கோடும் கோர்ட்தான். இது ஒன்றாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தனக்கு எதிராக விழும்போது மட்டும் மறந்துபோகும் :-)

நெட் டச் கதை இன்னும் வேடிக்கை. 2009-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் நெட்டின் கீழ்ப்பகுதியில் உரசினால் தப்பில்லை என்றார்கள். 2015-ல் மறுபடி இறுக்கிவிட்டார்கள். பந்தை ஆடும் முயற்சியில் இருப்பவர் இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே நெட்டின் எந்த இடத்தைத் தொட்டாலும் தப்பு. இந்த இரண்டு மாற்றத்தில் எதை ஒருவர் கேள்விப்பட்டாரோ அதுதான் அவருக்குச் சட்டம். ஒரே அணியில் 2009 ஆட்களும் இருப்பார்கள், 2015 ஆட்களும் இருப்பார்கள், இரண்டுக்கும் முந்திய ஆட்களும் இருப்பார்கள். மூன்று சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மேட்ச் ஆடினால் சண்டை வராமல் என்ன செய்யும்?

சர்வதேச வாலிபால் சம்மேளனம் நாலு வருஷத்துக்கு ஒரு முறை விதிகளைத் திருத்தி வெளியிடுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025-2028 பதிப்பு. சர்வீஸ் போடும் அணி ரொட்டேஷன்படி நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை அதில் எடுத்துவிட்டார்கள். சர்வீஸ் அடிக்கும் நொடியில் அந்த அணியினர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பந்தை வாங்கும் அணிதான் வரிசைப்படி நிற்க வேண்டும். இது ஆட்டத்தின் வியூகத்தையே பாதிக்கிற மாற்றம். எத்தனை கிளப்பில் பையன்களை உட்கார வைத்து இதைச் சொன்னார்கள்? விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

சரி, புத்தகத்தைப் படித்தால் போதாதா, எதற்கு மேசை மேல் ஏற வேண்டும் என்று கேட்கலாம். போதாது. மேசை மேல் இருந்து தெரியும் ஆட்டமே வேறு.

ஆடுகிறவன் பந்தைப் பார்க்கிறான். நடுவர் பந்தை மட்டும் பார்த்தால் தொலைந்தார். முதல் நடுவரின் கண் நெட்டின் மேல் விளிம்பிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த உயரத்தில் இருந்தால்தான் நெட்டுக்கு மேலே அட்டாக்கரின் கையும் பிளாக்கரின் விரல்களும் தெரியும். எதிரே கம்பத்தை ஒட்டிக் கீழே நிற்கும் இரண்டாவது நடுவர், பந்து போனதும் கண்ணைத் திருப்பி பிளாக்கர் பக்கத்து நெட்டையும் சென்டர் கோட்டையும் பார்க்க வேண்டும். ஊரே பந்தின் பின்னால் தலையைத் திருப்பும்போது அவர் மட்டும் பந்து இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இது ஒரு நாளில் வருமா? இருபது, முப்பது மேட்ச் நின்றால்தான் கண் பழகும். 23-23-ல் அந்தப் பையனுக்கு விரல் தெரியாமல் போனதற்குக் காரணம் கண் கோளாறு இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கோட்டு நடுவர் என்று ஒருவரை நிறுத்தி, டச் ஆனால் கொடியை நிமிர்த்தி அதன் உச்சியை இன்னொரு கையால் மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த உரசல் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இப்படிக் கண் பழகியவன் திரும்பி ஆட வரும்போது வேறு ஆட்டக்காரனாக வருவான். எதிரணி பிளாக்கர் கையை எப்போது மடக்குகிறார், செட்டர் தோளைத் திருப்புவதை வைத்து பந்து எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் மேலே இருந்து நூறு தடவை பார்த்தவனுக்குக் கீழே வந்தாலும் தெரியும். இதற்காகத் தனியாகப் பயிற்சியாளர் வைக்க வேண்டாம், செலவே இல்லை. ஒரு விசில் என்ன விலை?

அடுத்து ஸ்கோர் ஷீட். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ஸ்கோர் ஷீட் என்பது அந்த மேட்ச்சின் பேரேடு. யார் எந்த வரிசையில் சர்வீஸ், எந்தப் பாயிண்டில் யார் மாறி இறங்கினார், எத்தனை டைம்-அவுட் எல்லாம் அதில் பதிவாக வேண்டும். ஒரு செட்டுக்கு ஆறு மாற்றம், இரண்டு டைம்-அவுட். முறை தவறி ஒருவர் சர்வீஸ் போட்டால், பந்தை அடித்த உடனே ஸ்கோரர் சொல்ல வேண்டும். எதிரணிக்கு ஒரு பாயிண்ட். தப்பு எப்போது ஆரம்பித்தது என்று ஷீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தால், அதிலிருந்து தவறு செய்த அணி எடுத்த பாயிண்ட் எல்லாம் ரத்து. தப்பான பதிவைக் கண்டுபிடித்து எதிர்ப்பதிவு போட்டுச் சரிக்கட்டுகிற அதே வேலைதான். ஆனால் நம் ஊர் மேட்ச்சில் ஷீட்டே கிடையாது. ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எண்ணை எழுதி அழித்துக்கொண்டிருப்பார்கள். பேரேடு இல்லாத கடையில் தினமும் சண்டை வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இதையெல்லாம் சொன்னால் சீனியர் அண்ணன்களிடமிருந்து மூன்று பதில் வரும்.

முதல் பதில்: "பையன் ஆட வந்தானா, அம்பயரிங் பண்ண வந்தானா?" ஆட வந்தவனுக்குத்தான் இது தேவை. கேரம் ஆடினால் காயை யார் போட்டது என்று ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ளலாம். வாலிபாலில் ஆறுக்கு ஆறு பேர், கண்சிமிட்டும் நேரத்தில் முடியும் ஆட்டம். மூன்றாவது கண் இல்லாமல் நடக்கவே நடக்காது. அந்தக் கண் வானத்திலிருந்து குதிக்காது. யாராவது ஒருவர் கற்றுக்கொண்டால்தான் உண்டு. எல்லோரும் "நான் ஆட வந்தேன்" என்று சொன்னால் பிறகு பி.டி. சாருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேறு நாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அமெரிக்காவில் ஜூனியர் கிளப் போட்டிகளில் ஒரு ஆட்டம் முடிந்ததும் ஓய்வில் இருக்கும் அணி வீட்டுக்குப் போக முடியாது. அடுத்த மேட்ச்சுக்கு இரண்டாவது நடுவர், ஸ்கோரர், கோட்டு நடுவர் எல்லாம் அந்த அணியின் பிள்ளைகள்தான். அதற்கென்று முன்கூட்டியே பயிற்சி எடுத்திருக்க வேண்டும். வேலைக்கு வராத அணிக்குத் தண்டனையும் உண்டு. ஜெர்மனியில் கீழ்மட்ட லீக்குகளில் ஒரே நாளில் மூன்று அணி கூடும். இரண்டு அணி ஆட, மூன்றாவது அணி விசில் ஊதும். நடுவர் உரிமம் பெற்றவர்களைத் தர முடியாத கிளப் அபராதம் கட்ட வேண்டும். அங்கேயும் நடுவரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் திட்டுகிறவரும் போன வாரம் மேசை மேல் நின்றவர். அடுத்த வாரம் மறுபடி நிற்கப் போகிறவர். அந்த நினைப்பு வாயைக் கொஞ்சமாவது கட்டிப்போடும்.

இரண்டாவது பதில்: "சொந்த ஊர்ப் பையன் ஊதினா பாரபட்சம் பார்ப்பான்." ஆமாம், சொந்த அணி ஆடும்போது அவனை ஏற்றினால் பார்ப்பான். அதனால்தான் மூன்றாவது அணியின் பையன் ஊத வேண்டும் என்பது. டோர்னமென்ட்டுக்கு எட்டு, பத்து அணி வருகிறது. ஒரு மேட்ச் நடக்கும்போது மீதி அணியெல்லாம் டீக்கடையில்தானே நிற்கிறது? அதில் நாலு பேரை அழைக்க முடியாதா?

மூன்றாவது பதில்தான் உண்மையான பதில். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "நேத்துப் பொறந்த பய, இவன் எனக்கு ஃபவுல் சொல்றதா?"

எல்லாப் பிரச்சினைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நமக்கு விதி தெரியாதது பெரிய விஷயம் இல்லை, படித்தால் தெரிந்துவிடும். வயதில் சின்னவன் ஒருவன் உயரத்தில் நின்றுகொண்டு 'நீங்கள் செய்தது தப்பு' என்று சொல்வதுதான் பொறுக்கவில்லை. கோர்ட்டில் ஆடுகிறவர் மாமாவாக இருப்பார், சித்தப்பாவாக இருப்பார், பள்ளிக்கூடத்து சீனியராக இருப்பார். "சித்தப்பா, நெட் டச்சு" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ராத்திரி வீட்டுக்குப் பஞ்சாயத்து வரும்.

வாலிபால் சட்டத்தை எழுதியவர்களுக்கு நம் சித்தப்பாக்களைத் தெரியாது. ஆனாலும் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். நடுவர் வாயைத் திறக்கவே வேண்டாம். முதலில் விசில். அடுத்து எந்த அணிக்கு சர்வீஸ் என்று கை. அடுத்து என்ன தப்பு என்று கை. நெட் டச் என்றால் எந்தப் பக்கமோ அந்தப் பக்க நெட்டைக் காட்டினால் முடிந்தது. தமிழில் வாயைத் திறந்தால் 'வா' என்பதா 'வாங்க' என்பதா என்று அங்கேயே ஒரு தடுமாற்றம் வந்துவிடும். கைக்கு அந்தத் தொல்லை இல்லை. நெட்டைக் காட்டும் கையில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பதினாறு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு எது? ஆனால் அந்தச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தால்தானே அவன் அதற்குப் பின்னால் நிற்க முடியும்? சொல்லிக்கொடுக்காமல் ஏற்றிவிட்டதால்தான் "சரிண்ணே, உங்களுக்குத்தாண்ணே" என்று அவன் வாயைத் திறந்தான். திறந்த நொடியில் நடுவர் காணாமல் போய்விட்டார். தம்பி மட்டும்தான் மேசை மேல் நின்றான்.

ஆட்சேபம் சொல்லவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆறு பேர் சூழ்ந்துகொள்ள அனுமதி இல்லை. கோர்ட்டில் இருக்கும் கேப்டன் ஒருவர்தான் விளக்கம் கேட்கலாம். விளக்கம் திருப்தி இல்லை என்றால், அப்போதே ஆட்சேபத்தைச் சொல்லி வைத்துவிட்டு, மேட்ச் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் எழுதலாம். மீறினால் கார்டு. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் எதிரணிக்கு ஒரு பாயிண்டும் சர்வீஸும். இரண்டையும் ஒரே கையில் காட்டினால் அந்த செட் முழுக்க வெளியே. தனித்தனிக் கையில் காட்டினால் மேட்ச் முழுக்க வெளியே. இத்தனை அதிகாரத்தையும் சட்டம் அந்தப் பையன் கையில் கொடுத்திருக்கிறது. நாம் கொடுப்பது ஒரு விசில் மட்டும், அதுவும் கயிறு அறுந்த விசில்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். பையனுக்காவது ஆள் இல்லாத நேரத்தில் விசில் கிடைக்கிறது. பெண்கள் மேட்ச்சாக இருந்தாலும் மேசை மேல் ஓர் ஆண்தான் ஏறுகிறார். ஸ்கூல் டீமில் நாலு வருஷம் ஆடிய பெண் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வாலிபாலே ஆடாத ஒரு அண்ணன் விசில் ஊதுவதை எத்தனை இடத்தில் பார்க்கலாம்! பெண்கள் நெட்டின் உயரம் 2.24 மீட்டர் என்பதுகூடத் தெரியாமல் ஆண்களின் 2.43-லேயே கட்டிவைத்துவிட்டு ஊத வருகிறவர்களும் உண்டு. ஆண்கள் மேட்ச்சில் ஒரு பெண் பிள்ளையை ஏற்றி நிறுத்தி, அவள் கை காட்டியதும் ஆறு ஆண்கள் பேசாமல் தன் இடத்துக்குப் போனால், அந்த ஊர்ப் பையன்களுக்கு அதைவிட நல்ல பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காது. செய்து பார்க்க வேண்டும். செய்ய மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கிளப்புக்கு வருகிற பத்துப் பையன்களில் எத்தனை பேர் ஆறடி வளரப் போகிறார்கள்? 1998-ல் லிபெரோ என்ற இடம் வந்ததால் குள்ளமான ஒருவனுக்கு அணியில் இடம் உண்டு. ஆனால் அணிக்கு ஒரு இடம், மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றவர்கள்? இருபது வயதில் ஒரு நாள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் சிலருக்குப் பந்தின் மேல் அட்டாக்கரைவிட ஆசை அதிகமாக இருக்கும். கால்தான் எழும்பாது. அப்படிப்பட்டவனுக்கு ஆட்டத்திலேயே இருக்க ஒரு வழி நடுவராவது. மாநில அளவில் தேர்வு உண்டு, தேசிய அளவில் உண்டு, அதற்கு மேல் சர்வதேச அளவிலும் உண்டு. முப்பது வயதில் முழங்கால் போனவுடன் அட்டாக்கரின் கதை முடிந்துவிடும். நடுவர் அதற்கப்புறம்தான் முழு நடுவராகவே ஆவார். இந்த வாசலை ஒரு பையனுக்குப் பதினைந்து வயதில் காட்டுவதற்கும், 'சும்மாத்தானே இருக்க' என்று சொல்லி விரட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய வாலிபால் அணி வெண்கலம் வாங்கியது. ஜிம்மி ஜார்ஜ் பெயரைச் சொன்னால் பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் கண் கலங்குவார்கள். கலங்கட்டும், அவர் அப்படிப்பட்ட ஆட்டக்காரர். ஆனால் அன்றைய மேட்ச்சுகளுக்கு விசில் ஊதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்ல நடுவருக்கு அழகு என்று சொல்லலாம். ஆனால் பெயர் தெரியாமல் இருப்பது வேறு, மரியாதை இல்லாமல் இருப்பது வேறு.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு வாத்தியார் கையில்தான். 1895-ல் அமெரிக்காவின் ஹோல்யோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இதை உருவாக்கினார். இந்தியாவுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியதே, விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க ஆட்களைத் தயார் செய்யத்தான். சொல்லிக்கொடுக்கிறவர் கழுத்தில்தான் விசில் தொங்கியது. அது அன்றைக்கு மரியாதைப்பட்ட பொருள். அதை வேலையில்லாதவன் கையில் திணிக்கும் பொருளாக மாற்றியது நாம்தான்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், பயிற்சி ஆட்டத்துக்கு ஜூனியர் பையன்களே முறை வைத்து ஊதட்டும். ஒரு சீனியர் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது, செட் முடிந்த பிறகு சொல்லட்டும். ஆளுக்கு ஒரு ஸ்கோர் ஷீட் எழுதப் பழகட்டும். பத்து மேட்ச் ஊதாதவனுக்கு கிளப் பனியன் கிடையாது என்று ஒரு விதி போடட்டும். அந்த விதி அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான். டோர்னமென்ட் நடத்துகிற குழு, ஓய்வில் இருக்கும் அணி நடுவர்களைத் தர வேண்டும் என்று நோட்டீஸிலேயே அச்சடிக்கட்டும். கடைசியாக, மேசை மேல் நிற்கும் பையனைத் திட்டுகிற ஆட்டக்காரரை, அவர் எவ்வளவு பெரிய அட்டாக்கராக இருந்தாலும், சொந்த கிளப்பே வெளியே உட்கார வைக்கட்டும். மற்றதெல்லாம் சுலபம். இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் தைரியம் வேண்டும்.

அந்தக் கண்மாய்க் கரைப் பையன் மறுநாளும் மைதானத்துக்கு வந்தான். பந்து பொறுக்கிப் போட்டான். நேற்று நடந்ததை யாரும் பேசவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. தம்பியிடம் அண்ணன் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம் ஊரில் ஏது? கேட்க வேண்டாம். அந்த அட்டாக்கர் அண்ணன் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னப் பையன்கள் ஆடும்போது, அவர் விசிலை எடுத்துக்கொண்டு அந்த மேசை மேல் ஒரு செட் ஏறி நிற்கட்டும். 23-23 வரட்டும். பந்து யாரோ ஒருவன் விரலில் உரசிக்கொண்டு போகட்டும்.

அப்போது தெரியும், கண் யாருக்குப் பொட்டை என்று.